பூந்தொட்டியும் பெருங்கூட்டமும்

கணினி விளையாட்டுகளில் இலக்கிய வாசகர்களுக்கு என்ன அக்கறை இருக்க முடியும் என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும், பலர் ஒரே நேரத்தில் நுழைந்து, ஆண்டுக்கணக்கில் உலவி, நட்பும் பகையும் வணிகமும் போரும் நடத்துகிற கற்பனை உலகங்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகின்றன. அவற்றுள் சில அழிந்தும் போயிருக்கின்றன. அவை ஏன் எழுந்தன, ஏன் விழுந்தன என்று ஆராயப் புகுந்தால், காரணம் கதையிலோ கற்பனை வளத்திலோ இல்லாமல், அந்த உலகத்தை எதன்மீது கட்டுவது என்று தொடக்கத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவில் இருப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். அந்த முடிவின் வரலாற்றைச் சில நிகழ்வுகளின் வழியே இங்கே பார்க்கலாம்.

கட்டப்படும் அந்த அடித்தளத்துக்கு ‘கேம் என்ஜின்’ என்று பெயர். காட்சியைத் திரையில் வரைவது, பொருள்கள் மோதுவதையும் விழுவதையும் கணக்கிடுவது, ஒலியை இயக்குவது, ஒருவர் செய்ததை மற்றவருக்குத் தெரிவிப்பது ஆகிய எல்லா வேலைகளையும் செய்யும் மென்பொருள் அது. நாடகத்துக்கு அரங்கு எப்படியோ, விளையாட்டுக்கு என்ஜின் அப்படி. அரங்கு நாடகத்தை எழுதுவதில்லை. ஆனால் எத்தனை பேர் மேடையேறலாம், பார்வையாளர் எந்தப் பக்கம் அமர வேண்டும், எந்த மூலையில் வெளிச்சம் விழாது என்பதை நாடகாசிரியர் பேனாவை எடுக்கும் முன்பே அது தீர்மானித்துவிடுகிறது.

கூட்டம் பெருகும்போது இதில் ஒரு கணக்குச் சிக்கல் வருகிறது. ஓரிடத்தில் பத்துப் பேர் நின்றால், ஒவ்வொருவரின் அசைவையும் மற்ற ஒன்பது பேருக்கும் தெரிவிக்க வேண்டும். அதாவது 90 செய்திகள். நூறு பேர் என்றால் 9,900. ஆயிரம் பேர் என்றால் 9,99,000. ஆட்கள் நூறு மடங்கு கூடும்போது வேலை ஏறத்தாழப் பதினோராயிரம் மடங்கு கூடுகிறது. பலர் கூடும் உலகத்தை அமைக்க முனைந்த எல்லோரும், அறிந்தோ அறியாமலோ, இந்தக் கணக்கோடுதான் மல்லுக்கட்டினர்.

எஸ்ஸெக்ஸில் ஒரு பிரிவினை

1978-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் ‘மட்’ என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். படங்கள் கிடையாது, எல்லாமே எழுத்து. பிடிபி-10 என்ற பெருங்கணினியின் நினைவகத்தில் ஒரு பகுதியைப் பலர் ஒருசேரப் பயன்படுத்த முடியும் என்று கண்டதுதான் தொடக்கம். ஒருவர் விட்டுச் சென்ற விளக்கை மற்றவர் எடுக்கலாம். ஒரே அறையில் இருவர் சந்தித்துக்கொள்ளலாம். இன்று இது அற்பமாகத் தோன்றும். ஆனால் அதுவரை கணினி விளையாட்டின் கற்பனைக் குகைக்குள் பெரும்பாலும் தனியாகவே போய்வந்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் வடிவங்கள் கணினியின் அடிமட்ட மொழியில் எழுதப்பட்டவை. உலகம் விரிய விரிய அந்த நிரலைக் கட்டி மேய்ப்பது கடினமாயிற்று. எனவே டிரப்ஷா மூன்றாம் வடிவத்தை பிசிபிஎல் என்ற மொழியில் புதிதாகத் தொடங்கியபோது, முக்கியமான ஒன்றைச் செய்தார். உலகத்தை விவரிப்பதற்கென்று ‘மடில்’ என்ற தனி மொழியை வகுத்தார். அறைகள், பொருள்கள், விதிகள் அந்த மொழியில் தனியே எழுதப்பட்டன. அவற்றைப் படித்து இயக்கும் நிரல் வேறாக நின்றது. 1980-இல் அவர் படிப்பை முடித்துச் சென்றபின் பொறுப்பேற்ற ரிச்சர்ட் பார்ட்டில், அந்த உலகத்தைப் பெரிதாக வளர்த்தார். உலகமும் அதை இயக்கும் பொறியும் இவ்வாறு பிரிந்ததைத்தான் இந்த வரலாற்றின் முதல் திருப்பம் என்று சொல்லத் தோன்றுகிறது. பொறி தனியே பிரிந்துவிட்டால், அதை வேறொருவர் வேறோர் உலகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். எதை எடுப்பது என்ற கேள்வியும் அப்போதுதான் பிறக்கிறது.

அந்தக் கேள்வி பத்தாண்டுக்குள் நடைமுறைக்கு வந்தது. 1989-இல் ஸ்வீடனின் லார்ஸ் பென்ஷோ உருவாக்கிய ‘எல்பிமட்’, உலகத்தைக் கட்டுவோர் தாமே விதிகளையும் நிரலாக எழுதிக்கொள்ள இடம் தந்தது. 1991-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் ஐவர் வெளியிட்ட ‘டிகுமட்’, போர் முறை, நிலைகள், வகுப்புகள் எல்லாவற்றையும் ஆயத்தமாகக் கொடுத்தது; எடுத்து நிறுவினால் உடனே உலகம் தயார். சுதந்திரம் வேண்டியோர் முதலாவதையும், விரைவு வேண்டியோர் இரண்டாவதையும் நாடினர். டிகுவின் வழியில் நூற்றுக்கணக்கான உலகங்கள் தோன்றின. அவற்றுள் பல ஒரே சாயலில் இருந்தன. 1999-இல் வந்த ‘எவர்க்வெஸ்ட்’ என்ற வணிக விளையாட்டும் அதே சாயலில் இருக்கவே, டிகுவின் நிரலை அது எடுத்தாண்டதா என்ற ஐயம் கிளம்பியது. அப்படி எடுக்கவில்லை என்று அதன் நிரலாளர்கள் 2000-இல் உறுதிமொழிப் பத்திரமே அளிக்க நேர்ந்தது. நிரல் கைமாறாவிட்டாலும் பழக்கங்கள் கைமாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

டோக்கியோவின் தேர்வு

இந்தத் தேர்வு எவ்வளவு தூரம் விலை கேட்கும் என்பதை நமக்குக் காட்டியது ஜப்பானிய நிறுவனமான ஸ்கொயர் எனிக்ஸ். அந்த நிறுவனம் பலர் கூடும் உலகங்களுக்குப் புதிதன்று. 2002-இல் அது வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேண்டஸி 11’ பல ஆண்டுகள் வெற்றிகரமாக ஓடிய இணைய விளையாட்டு. அதைத் தயாரித்த ஹிரோமிச்சி தனக்காதான் அடுத்த இணைய உலகமான ‘ஃபைனல் ஃபேண்டஸி 14’-க்கும் தயாரிப்பாளர். அனுபவம் இருந்தது, பணம் இருந்தது, பெயர் இருந்தது.

அதே காலத்தில் நிறுவனத்துக்குள் இன்னொரு பெரும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. பிளேஸ்டேஷன் 3-க்காகத் தயாராகிக்கொண்டிருந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 13’-க்கென்று ‘வைட் என்ஜின்’ என்ற பொறி உருவாகிவந்தது. நிறுவனத்தின் எல்லாப் படைப்புகளுக்கும் ஒரே பொறி போதும் என்ற எண்ணத்தில் அதை விரிவுபடுத்தி, ‘கிரிஸ்டல் டூல்ஸ்’ என்று பெயர் மாற்றினர். எண்ணம் தவறானதன்று. ஒவ்வொரு விளையாட்டுக்கும் புதிதாகப் பொறி செய்வது பெருஞ்செலவு. புதிய கருவிகள் அதை மேலும் உயர்த்தியிருந்தன. ஆனால் எல்லோருக்கும் ஏற்றதாகச் செய்ய முயன்றதில் பொறி தாமதமாயிற்று. 13-ஆம் விளையாட்டின் குழுவே அதற்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த 13-ஆம் விளையாட்டு 2009 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் அழகைப் பலரும் வியந்தனர். ஒரே நீண்ட தாழ்வாரத்தில் நடப்பதுபோல் இருக்கிறது என்ற குறையையும் பலர் சொன்னார்கள். நம் பொருளுக்கு அந்தக் குறை முக்கியமானது. ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டு அது. திரையில் எப்போது யார் நிற்பார்கள், எந்த மூலையிலிருந்து பார்ப்பார்கள் என்பது ஆக்குவோருக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே அங்குள்ள ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் வேண்டிய அளவு நுணுக்கத்தை அள்ளிக் கொடுக்கலாம். கிரிஸ்டல் டூல்ஸ் வளர்ந்தது அந்த வசதியான வீட்டில்.

அதே பொறியின்மீதுதான் 14-ஆம் விளையாட்டு கட்டப்பட்டது. 2010 செப்டம்பர் இறுதியில் அது வெளியானது. விளம்பரப் படங்களில் கண்ட அழகு உண்மையிலேயே இருந்தது, வாழத்தான் முடியவில்லை. நல்ல கணினிகளும் திணறின. பட்டியல் ஒன்றைத் திறந்து ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கும் வழங்கியைக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. நிலப்பரப்பில் ஒரே பள்ளத்தாக்கும் ஒரே பாறையும் திரும்பத் திரும்ப வந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று நிறுவனத் தலைவர் யோயிச்சி வாதா மன்னிப்புக் கோரினார். கட்டணம் வசூலிப்பது காலவரையின்றித் தள்ளிவைக்கப்பட்டது. தனக்கா விலகினார். அவரிடத்துக்கு வந்தவர் நவோக்கி யோஷிதா.

யோஷிதா 2014-இல் சான்பிரான்சிஸ்கோவில் விளையாட்டு ஆக்குநர்கள் மாநாட்டில் இந்தத் தோல்வியை வெளிப்படையாகப் பகுத்துக் காட்டினார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று: காட்சித் தரத்தின்மீது கொண்ட அளவுகடந்த மோகம், அக்காலத்து இணைய விளையாட்டுகளைப் பற்றிய அனுபவம் குழுவில் குறைவாக இருந்தது, எதையும் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற மனப்பான்மை. முதலாவதற்கு அவர் தந்த உதாரணம் பரவலாகப் பேசப்பட்டது. அந்த உலகில் ஓரமாக வைக்கப்பட்டிருந்த ஒரு பூந்தொட்டி, ஏறத்தாழ ஆயிரம் பலகோணங்களால் ஆனது. அதன் மேற்பரப்பின் ஒளியைக் கணக்கிட 150 வரி நிரல். ஆடுபவரின் முழு உருவத்துக்கும் செலவிடப்பட்ட அளவு அது.

இந்தப் பூந்தொட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அதைச் செய்த கலைஞரை நினைத்துப் பார்க்க வேண்டும். தமக்குக் கொடுக்கப்பட்ட வேலையை அவர் சிரத்தையோடு செய்திருக்கிறார். தாழ்வாரத்தின் ஓரத்தில், ஒரே ஒருவர் கடந்துபோகும் இடத்தில் அது இருந்திருந்தால் பாராட்டு கிடைத்திருக்கும். இங்கோ அந்தத் தெருவில் நூறு பேர் வந்து நிற்க வேண்டும். கணினியின் ஆற்றல் ஓர் எல்லைக்குட்பட்டது. பூந்தொட்டி எடுத்துக்கொண்ட இடம் ஒரு மனிதருக்கு உரிய இடம். கூட்டத்துக்கான உலகில் ஒவ்வொரு பொருளும் மனிதர்களோடு போட்டியிடுகிறது என்பதை அந்தப் பொறி யாருக்கும் நினைவூட்டவில்லை. நினைவூட்டும் தேவை அது வளர்ந்த வீட்டில் இருக்கவில்லை.

பொறியே கெட்டது என்று முடிவுகட்டுவதும் சரியன்று. 2012 ஆகஸ்டில் நின்டெண்டோவின் ‘வீ’ கருவிக்காக வெளிவந்த ‘டிராகன் க்வெஸ்ட் 10’ பலர் கூடும் இணைய விளையாட்டுதான்; அதே கிரிஸ்டல் டூல்ஸை மாற்றியமைத்துத்தான் அதைக் கட்டினர். ஆற்றல் குறைந்த அந்தக் கருவி ஆடம்பரத்துக்கு இடம் தரவில்லை. அளவு தெரிந்து வெட்டியதால் அது நின்றது.

ஓர் உலகை முடித்துவைத்தல்

யோஷிதாவின் முன் இருந்த வழிகள் இரண்டு. இருப்பதை ஒட்டுப்போட்டுத் திருத்துவது. அல்லது பொறி, வழங்கி, நிலம் எல்லாவற்றையும் விட்டுப் புதிதாகத் தொடங்குவது. அவர் இரண்டையும் ஒருசேரச் செய்யத் துணிந்தார். ஒரு பிரிவினர் பழைய உலகைத் திருத்தி, எஞ்சியிருந்த ஆட்டக்காரர்களைத் தக்கவைத்தனர். இன்னொரு பிரிவினர் புதிய உலகைக் கட்டினர். நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த யோஷிஹிஸா ஹஷிமோட்டோவின் மேற்பார்வையில் புதிய பொறி உருவானது. அதே நேரத்தில் ‘லூமினஸ்’ என்ற இன்னொரு பொறியையும் நிறுவனம் உருவாக்கிவந்தது. இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. ஆயினும் சிலரை மிக நுணுக்கமாகக் காட்டுவது லூமினஸின் நோக்கம். நூற்றுக்கணக்கானோரை ஒருசேரக் காட்டுவது மற்றதன் நோக்கம். ஒரே பொறி எல்லாவற்றுக்கும் என்ற பழைய கனவு அங்கே கைவிடப்பட்டது.

புதிய உலகம் பிளேஸ்டேஷன் 3-லும் ஓட வேண்டும் என்பது விதி. அந்தக் கருவியின் நினைவகம் முதன்மைக்கு 256, காட்சிக்கு 256 மெகாபைட்டுகள் மட்டுமே. இப்படியொரு நெருக்கடி இருந்ததால், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு பொருளிடமும் கேட்க வேண்டியிருந்தது. 2017 வரை அந்தப் பழைய கருவியில் அந்த உலகம் ஓடியது.

பழைய உலகை என்ன செய்வது? வழங்கிகளை ஓசையின்றி அணைத்துவிட்டிருக்கலாம். அவர்கள் அந்த முடிவையே கதையாக்கினார்கள். எயோர்சியா என்ற அந்த நிலத்தின் வானில் தாலமுத் என்றொரு செந்நிலா உண்டு. மாதங்கள் செல்லச் செல்ல அது பெரிதாகிவந்தது. ஆடியவர்கள் ஒவ்வொரு முறை நுழையும்போதும் தலையை உயர்த்திப் பார்த்தனர். 2012 நவம்பர் 11 அன்று வழங்கிகள் நிறுத்தப்பட்டன. கதையில் அந்த நிலா உடைந்து, உள்ளிருந்து பஹமூத் என்ற பறவைநாகம் வெளிப்பட்டு, நிலமெங்கும் தீ பொழிந்தது.

புதிய உலகம் 2013 ஆகஸ்ட் 27 அன்று திறந்தது. கதையில் ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன. பழைய ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரங்களோடு திரும்பி வரலாம். ஆனால் ஊரார்க்கு அவர்கள் முகம் நினைவில்லை. முன்பு வீரர்கள் சிலர் எங்களுக்காகப் போரிட்டனர், அவர்களை நினைக்க முயன்றால் பின்னால் வெளிச்சம் அடித்ததுபோல் முகம் தெரிவதில்லை என்கிறார்கள். ஒரு தொழில்நுட்ப மாற்றத்தை மறதியாகச் சொன்ன இந்த இடம்தான், இலக்கிய வாசகராக நம்மை மிகவும் தொடுகிறது.

மீட்சியைப் பற்றிய கதையாக இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது, அது உண்மையும்கூட. ஆயினும் இழந்தது ஒன்று உண்டு. தோற்றுப்போன நாவலின் முதற்பதிப்பு எங்கோ ஒரு நூலகத்தில் கிடைக்கும். நாம் எடுத்துப் படித்து, அதன் தோல்வியை நாமே எடைபோடலாம். முதல் எயோர்சியாவுக்குள் அப்படிப் போக முடியாது. வட்டில் எஞ்சியிருப்பது வழங்கி இல்லாமல் உயிரற்றது. ஆர்வலர் சிலர் அந்த வழங்கியைத் தாமே மறுபடி எழுதிப் பார்க்க முயன்றிருக்கின்றனர். நிலத்தை ஓரளவு மீட்கலாம். அங்கே நின்ற கூட்டத்தை மீட்க முடியாது. ஓர் அடித்தளத்தைப் பிழையாகத் தேர்ந்ததன் விலையை, தேர்ந்தவர்கள் மட்டும் கொடுக்கவில்லை. அங்கே குடியேறியவர்களும் கொடுத்தார்கள்.

ரெய்க்யவிக்கின் வேறொரு விடை

இதற்கு எதிர்முனையில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்து சிசிபி நிறுவனம் நிற்கிறது. 2003 மே மாதம் அது வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’ விண்வெளியில் நடப்பது. பெரும்பாலான இணைய விளையாட்டுகள் ஒரே உலகின் பல பிரதிகளை இயக்கி, ஆட்டக்காரர்களைப் பிரித்து அனுப்பும். ஈவ் அப்படிச் செய்யாமல் எல்லோரையும் ஒரே உலகில் வைத்தது. அதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘ஸ்டாக்லெஸ் பைத்தான்’ என்ற மொழி வடிவம். ஆயிரக்கணக்கான சிறு பணிகளை மாற்றி மாற்றிக் குறைந்த செலவில் நடத்த அது உதவியது. ஆனால் ஒரு விண்மீன் மண்டலத்தின் கணக்கை ஒரே செயல்முறைதான் பார்க்க முடியும் என்ற வரம்பும் கூடவே வந்தது. பிரபஞ்சம் முழுதும் பரவி நிற்கும்வரை சிக்கல் இல்லை. ஒரே மண்டலத்தில் படைகள் திரண்டால், மேலே சொன்ன கணக்கு வந்து கழுத்தை நெரிக்கும்.

அவர்கள் பொறியைத் தூக்கி எறியவில்லை, உலகையும் அழிக்கவில்லை. 2012-இல் காலத்தை மெதுவாக்கினார்கள். கூட்டம் மிஞ்சும்போது அந்த மண்டலத்தின் கடிகாரம் பத்தில் ஒரு பங்கு வேகம்வரை குறையும். ஒரு விநாடியில் நடக்க வேண்டியது பத்து விநாடியில் நடக்கும். முன்பு கூட்டத்தில் யாருடைய கட்டளை போய்ச்சேரும், யாருடையது காணாமற்போகும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தது. இப்போது எல்லோரும் சமமாக மெதுவானார்கள். 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் மூண்ட போர் ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்தது. ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் அதில் பங்கேற்றன. 75 டைட்டன் பெருங்கப்பல்கள் அழிந்தன. அழிந்த கப்பல்களின் சிதிலங்களை நிறுவனம் அந்த மண்டலத்திலேயே நினைவுச்சின்னமாக விட்டுவைத்தது. தங்கள் அடித்தளத்தின் வரம்பை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதை மறைக்காமல் உலகத்தின் இயற்கை விதியாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

இன்றைய நிலை

இன்று பொறியைத் தாமே செய்வோர் குறைவு. அன்ரியல், யூனிட்டி போன்றவற்றை உரிமம் பெற்றுப் பயன்படுத்துவதே பெருவழக்கு. ஆகையால் அடித்தளத்தின் வலிமையோடு, அதன் உடைமையாளர் யார் என்பதும் கேள்வியாகிறது. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் அதன்மீது கட்டியவர்கள் திகைத்துப் போனார்கள். கடும் எதிர்ப்புக்குப்பின் 2024 செப்டம்பரில் அத்திட்டம் முழுதாகக் கைவிடப்பட்டது. வாடகை நிலத்தில் மாளிகை கட்டியவரின் நிலை அது. எவருக்கும் கட்டற்று கிடைக்கும் கோடோ என்ற திறமூலப் பொறியின் பக்கம் பலர் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

பொறிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எது அழகாகக் காட்டும், எது விரைவாக முடிக்கும் என்றே கேட்கிறார்கள். இந்த வரலாறு வேறு சில கேள்விகளை முன்வைக்கிறது. இது யாருக்காக, எத்தனை பேருக்காக முதலில் செய்யப்பட்டது? கூட்டம் நிரம்பி வழியும் நாளில் முதலில் எது உடையும்? உடையும்போது அதைத் தாங்குபவர் யார்? 2013-இல் புதிய எயோர்சியா திறந்தபோது வந்த கூட்டத்தைத் தாங்காமல் விற்பனையைச் சில நாள் நிறுத்தினார்கள். 2021 டிசம்பரில் மீண்டும் அப்படியே நிறுத்தி, அடுத்த மாதம்தான் தொடர்ந்தார்கள். அந்தக் கணக்கு எவருக்கும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வெளியே வரிசையில் நின்றவர்கள், உள்ளே வாழத்தக்க ஓர் உலகம் இருக்கிறது என்று தெரிந்தே நின்றார்கள்.